நாலு பி வீட்டுப் படிவம்

பொலிஸ்காரன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நிற்கும் ஆறு மாடித் தொடர்மாடி அது. கேட்டடியில் நின்றபடியே ஒரு கட்டுப் படிவத்தை இராமலெட்சுமியின் கையில் திணித்தான். “இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு படிவம். எல்லாத்தையும் நிரப்பி வாங்கிக்கொண்டு அடுத்த வியாழக்கிழமைக்குள் ஸ்டேஷனுக்கு வந்துவிடு, அம்மே” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் முடக்குத் திரும்புவதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள்.

“கட்டையில போறவனே, நா ஒனக்கு அம்மேயா? ஒன் வூட்டுல எத்தன பேரு தூங்குறாங்கன்னு நா வந்து எண்ணுனேனா? நாசமாப் போறதுக்குத் தாளத் தூக்கிட்டு வந்துட்டான்!”

மேல் மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன, மூடின. இராமலெட்சுமிக்குக் கோபம் வருவது அந்த ஒழுங்கைக்குப் புதிதல்ல. மீன்காரன் கெட்ட மீனைக் கொண்டுவந்தாலும், லிஃப்டுக்குள் யாராவது வெற்றிலை துப்பினாலும் அவளுடைய வாய் பஸ் ஓடும் காலி வீதி வரைக்கும் போய்த் திரும்பி வரும். ஆனால் அன்றைக்கு ஏசி முடித்தவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படிவத்தை அவளுக்குத் தெரியும். தாள் கொஞ்சம் வெள்ளையாகியிருந்தது, மற்றபடி அதேதான். முழுக்கச் சிங்களம். கீழே, வீட்டுக்கு வந்து தங்குகிறவர்களுக்கு ஐந்து கட்டங்கள்: பெயர், ஊர், வந்த காரணம், வந்த திகதி, போன திகதி.

விஷயம் இதுதான். பாராளுமன்றத்துக்குப் புதிதாக ஒரு சட்டமூலம் வந்திருந்தது. நகரத்தில் எந்த வீட்டில் யார் படுத்தெழும்புகிறார்கள் என்று பொலிஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மாமன் மச்சான் ஊரிலிருந்து வந்து ஓர் இரவு தங்கினாலும் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். தவறினால் தண்டம், இல்லாவிட்டால் மறியல், சிறைதான். வாக்கெடுப்பு வியாழக்கிழமை. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் பெயர் வைத்து இனிப்பும் கொடுத்தாயிற்று: ‘முன்னோட்டம்’ என்று வர்த்தமானியில் போட்டு, படிவத்தை அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். முன்னோட்டம் எங்கே? தமிழர்கள் நெருங்கி வாழும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும். வேறெங்கும் இல்லை. எல்லாம் மக்களின் பாதுகாப்புக்குத்தான் என்று டிவியில் ஒருவர் உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

“ஏன், மத்த ஊர்ல மனுசங்க தூங்குறதே இல்லியா?” என்று இராமலெட்சுமி டிவியைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவள். பதினொரு வயதில் ஹெவ்லொக் டவுனில் ஒரு சிங்கள ரீச்சர் வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். ரீச்சரின் பிள்ளைகள் பாடம் எழுத, இவள் குசினிக்குள் இருந்து, பேக்கரிப் பாண் சுற்றிவந்த தாளில் அதே எழுத்துகளை எழுதினாள். தமிழில் எழுதச் சொன்னால் இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவாள். சிங்களம் மணிமணியாக வரும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெரியதம்பியைக் கட்டினாள். கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளையைப் பெற்றாள். அந்த மனுஷன் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தபிறகு, மகள் ரதியை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தத் தொடர்மாடிக்குக் கூட்ட வந்தாள். இருபத்தாறு வருஷமாயிற்று. இப்போது அவள்தான் இங்கே காவல், துப்புரவு, எல்லாம். விடிய நாலரைக்கு எழும்பித் தண்ணீர் மோட்டரைப் போடுவாள். படிக்கட்டுக்குக் கீழே அவளுக்கொரு அறை. கட்டட வரைபடத்தில் அந்த அறை கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கட்டடத்தின் சிங்களமே அவள்தான். இருபத்திரண்டு வீட்டிலும் யாழ்ப்பாணத்து ஆட்கள். டொக்டர்மார், கணக்காளர்மார், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள். இங்கிலீஷ் தண்ணீராக ஓடும். கடையில் தம்பி, அண்ணன் என்பதைச் சிங்களத்தில் மல்லி, அய்யே என்று சொல்லிச் சமாளிப்பார்கள். ஆனால் ஒரு சிங்களத் தாளைக் கையில் கொடுத்தால், “இராமலெட்சுமியைக் கூப்பிடு” என்பார்கள். தண்ணீர் பில் பிழை என்றாலும், இறப்புப் பத்திரம் எடுப்பதென்றாலும் இராமலெட்சுமிதான். தெய்வமே வந்து சிங்களத்தில் படிவம் கேட்டாலும் அவளைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

அப்படித்தான் இரண்டாயிரத்தெட்டிலும் கூப்பிட்டார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். இதே படிவம் வந்தது. இருபத்திரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கி அவளே நிரப்பினாள். நாலாம் மாடியில் நாலு பி வீட்டில் இரத்தினம்மா, கணக்குப் படிப்பித்த ரீச்சர், தனியாக இருந்தார். அவருடைய மகன் திலக்ஷன் ஒரு கிழமைக்கு முன்னர்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தான். இருபத்திரண்டு வயது. வெளிநாடு போவதற்காக பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

“பிள்ளை, அவனை எழுதாதை. பத்து நாளிலை போயிடுவான்” என்றார் ரீச்சர்.

“பயப்படாதீங்க டீச்சர். ஒளிச்சாத்தான் சந்தேகப்படுவானுங்க. முறையா எழுதிக் குடுத்துட்டா நம்மள ஒருத்தனும் ஒண்ணும் கேக்க ஏலாது.”

இதை அவள் மனமறிந்துதான் சொன்னாள். அதை விளங்கிக்கொள்ள அவளுடைய அப்பனைத் தெரிய வேண்டும். பிரஜாவுரிமைப் பத்திரம் ஒன்றுக்காகக் கந்தோர் கந்தோராக நடந்து, கடைசிவரைக்கும் கிடைக்காமலே தேயிலைக்கு உரமாகப் போன மனுஷன். “பேரு எழுதுனாத்தாண்டி நாம ஆளு. எழுதலன்னா நாய்க்கும் நமக்கும் வித்தியாசமில்ல” என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார். பெயர் எழுதப்படாததால் அழிந்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு, பெயர் எழுதப்படுவதாலும் ஒருவன் அழிவான் என்று எப்படித் தெரியும்? திலக்ஷன், அரியாலை, வெளிநாடு செல்ல, வந்த திகதி இன்னது என்று அழகாக எழுதினாள். போன திகதிக் கட்டத்தை, அவன் போனபிறகு நிரப்பலாம் என்று விட்டாள்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு வான் வந்தது. இறங்கினவர்கள் சீருடையில் இல்லை. “நாலு பி எந்தப் பக்கம்?” என்று அவளிடமே கேட்டார்கள். ஒருவனுடைய கையில் ஒரு தாள். அதில் இருந்தது அவளுடைய எழுத்து. பாண் சுற்றிய தாளில் பழகிய அதே உருண்டை எழுத்து. திலக்ஷனைப் படியிறக்கிக் கொண்டுபோகும்போது அவனுடைய ஒரு செருப்பு இரண்டாம் மாடியில் கழன்று கிடந்தது. அந்தச் செருப்பை அவள்தான் எடுத்துக்கொண்டு போய் ரீச்சரிடம் கொடுத்தாள்.

அதன்பிறகு அவன் வரவில்லை. எந்தப் பட்டியலிலும் இல்லை, எந்தச் சிறையிலும் இல்லை. ரீச்சர் அவளை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். ரீச்சர் ஏசவில்லை. பதினேழு வருஷமாக, “தண்ணி வரேல்லை”, “லிஃப்ட் வேலை செய்யேல்லை”, அவ்வளவுதான் பேச்சு. இராமலெட்சுமி ஊரையெல்லாம் ஏசினாளே, அதில் பாதி தன்னைத்தானே ஏசியது.

ஞாயிற்றுக்கிழமை ரதி வந்து, தான் குடியிருக்கும் கொட்டாஞ்சேனைக்குத் தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் படிவம் வந்திருந்தது. கோயிலுக்குப் பின்னால் ஒரு மண்டபத்தில் நூறு பேர்போல கூடியிருந்தார்கள். புதுக்கடைக் கோர்ட்டில் வழக்குப் பேசும் மஸாஹிரா என்ற சட்டத்தரணி நடுவில் நின்று பேசினாள்.

“ஒண்டும் மறைக்க வாணாம், ஒளிக்க வாணாம். கல்லெறிய வாணாம், கத்தவும் வாணாம். படிவத்தில ஒங்கட பேரை மட்டும் போட்டு ஒப்பம் வெய்ங்க. மத்தக் கட்டமெல்லாம் வெறுமையா வுடுங்க. வியாழக்கிழமை, அவங்க அங்க கைய ஒசத்துற நேரம், நாங்க வரிசையாப் போய் இதக் குடுப்பம். புடிச்சா போவம். ஏலாதவங்க இப்பவே செல்லுங்க, ஒருத்தரும் கொறையா நெனைக்க மாட்டம்.”

இராமலெட்சுமி எழுந்தாள். “நா வெறுமையா குடுத்தா மட்டும் போதாதும்மா. எங்க பில்டிங்ல மத்தவங்களுக்கும் நான்தான் எழுதிக் குடுக்கணும். நான் எழுத மாட்டேன். அவங்க என்ன கிழிக்கிறாங்கன்னு பாக்குறேன்.” மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் கார் நிறுத்துமிடத்தில் குடியிருப்பாளர் சங்கக் கூட்டம். தலைவர் சண்முகலிங்கம், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர், ஐந்து ஏ வீடு. நாற்காலியில் இருந்துகொண்டு, நின்றுகொண்டிருந்த இராமலெட்சுமியைப் பார்த்தார்.

“உனக்கென்ன விசரே? சும்மா ஒரு போர்ம். எழுதிக் குடுத்திட்டுப் பேசாமல் இருப்பம். வேலியாலை போற ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ளை விடாதை.”

“ஓணான் வேலியில போகலீங்களே சார். கேட்டத் திறந்துகிட்டு உள்ளாற வந்துருச்சு.”

“நீ எங்களிட்டை வேலை செய்யிறாய், தெரியும்தானே?”

“தெரியும் சார். கூட்டச் சொல்லுங்க, கூட்டுறேன். ஒங்க கக்கூஸக் கழுவச் சொல்லுங்க, கழுவுறேன். இத எழுதச் சொல்லாதீங்க. ஒரு தடவ எழுதிட்டேன். அந்தப் புள்ள எங்கன்னு ஒங்கள்ல யாராவது கேட்டீங்களா? பதினேழு வருசமா நாலாம் மாடியில லிஃப்ட் நிக்கிறப்போ எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!”

சண்முகலிங்கம்தான் சுதாரித்துக்கொண்டார். வியாழனுக்குள் படிவங்கள் நிரம்பாவிட்டால் படிக்கட்டுக்குக் கீழுள்ள அறையை ஜெனரேட்டருக்கு எடுக்க வேண்டிவரும் என்றார். வங்கிக் கடிதத்தில் எழுதுவதுபோல நாசூக்காகச் சொன்னார். அறுபது வயதுக்காரியை நடுத்தெருவில் விடுவேன் என்பதற்கும் ஒரு நாகரிகமான வசனம் இருக்கிறது, பாருங்கள்.

அவரே எழுதிப் பார்த்தார். செவ்வாய் முழுக்க ஃபோனை வைத்துப் படிவத்தைப் படமெடுத்து, மொழிபெயர்த்து, முக்கி முனகி நிரப்பினார். புதன் காலையில் இராமலெட்சுமி குப்பை எடுக்கப் போனபோது, “இது சரியோ எண்டு மட்டும் பார்” என்று மனைவி ரஜனி அதைக் கொண்டுவந்து நீட்டினார். இராமலெட்சுமி பார்த்தாள். மனேஜர் தன்னையும் பெண்சாதியையும் கீழ்ப் பகுதியில் எழுதியிருந்தார். சொந்த வீட்டுக்குத் தாங்களே விருந்தாளி. வந்த காரணம் என்ற கட்டத்தில் ‘ஓய்வு’ என்றிருந்தது.

“சரியாத்தாங்க எழுதியிருக்காரு. அவனுங்க கண்ணுக்கு நாமெல்லாம் இப்புடித்தான். இருபது வருசமானாலும் வந்து தங்குற ஆளுங்க.”

ரஜனி அந்தத் தாளை மடித்தார். பிறகு கணவர் கூப்பிடக் கூப்பிட, வெற்றுப் படிவமொன்றைக் கேட்டு வாங்கி, தன்னுடைய பெயரை மட்டும் எழுதி ஒப்பம் வைத்துக் கொடுத்தார். அதுதான் முதலாவது. பகல் முழுக்க இராமலெட்சுமி மாடி மாடியாக ஏறினாள். சிலர் கதவே திறக்கவில்லை. ஒரு டொக்டர், கனடா விசா கிடைக்கும் நேரத்தில் வம்பு வேண்டாம் என்று கும்பிட்டார். பின்னேரத்துக்குள் கையில் பதினொரு வெற்றுப் படிவங்கள் சேர்ந்திருந்தன. நாலு பி கதவை மட்டும் அவள் தட்டாமல் நாலு தடவை கடந்துபோயிருந்தாள்.

ஐந்தாவது தடவை அந்தக் கதவு தானாகத் திறந்தது. இரத்தினம்மா ரீச்சர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். எழுபத்தைந்து வயது. “எல்லா வீட்டுக்கும் போறாய். எனக்கு மட்டும் போர்ம் இல்லையே?”

இராமலெட்சுமி ஒரு படிவத்தை நீட்டினாள். “பேரு மட்டும் போட்டாப் போதும் டீச்சர்.”

“இல்லை. உள்ளுக்கு வா. என்ரை போர்மை நீ நிரப்பு.”

“நா எழுத மாட்டேன் டீச்சர். எல்லாருக்கிட்டயும் சொல்லிட்டேன். சாமி சத்தியமா இனி எழுத மாட்டேன்.”

“மேல்பக்கம் ஒண்டும் வேண்டாம். கீழை ஒரு பேர் எழுது. அண்டைக்கு எழுதின மாதிரியே எழுது.”

இராமலெட்சுமிக்கு விளங்கிவிட்டது. மேசையடியில் உட்கார்ந்தாள். திலக்ஷன். அரியாலை. வெளிநாடு செல்ல. வந்த திகதியை ரீச்சர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேருக்கும் அது மனப்பாடம். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனாவைத் தூக்கினாள்.

“அதை விடு” என்றார் ரீச்சர். “அது எங்கடை வேலை இல்லை.”

அப்போதுதான் இராமலெட்சுமி அழுதாள். “நா அன்னைக்கு ஒங்க பேச்சக் கேட்டிருக்கணும் டீச்சர். எங் கையில புழு வைக்க!”

“ஓம், கேட்டிருக்க வேணும்” என்றார் ரீச்சர். பதினேழு வருஷம் சொல்லாததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். “உன்னிலை எனக்குக் கோவம்தான். இப்பவும் கோவம்தான். ஆனால் கொண்டுபோனது நீயில்லை.” பிறகு தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குப் போனார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நடைபாதையில் ஒற்றை வரிசை. கையில் பதாகை இல்லை, வாயில் கோஷம் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து நாற்பது பேர் போனார்கள்; அதே நேரம் கொட்டாஞ்சேனையில் ரதியும் மற்றவர்களும் போனார்கள். பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஆதரவுக்கா, வழிவிடச் சொல்லியா என்று தெரியவில்லை. ஸ்டேஷன் கவுண்டரில் ஒவ்வொருவராகப் படிவத்தை வைத்தார்கள். சார்ஜன்ட் முதல் நாலைப் புரட்டினார், பிறகு கட்டோடு புரட்டினார். முகம் சிவந்தது.

“இதென்ன விளையாட்டா? ஒரு கட்டமும் நிரப்பவில்லையே!”

“இந்தாங்க மாத்தயா, இது நிரப்பின படிவம்” என்று இராமலெட்சுமி சிங்களத்தில் சொல்லி, நாலு பி வீட்டுத் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். வருஷத்தைப் பார்த்ததும் இன்னொரு தடவை படித்தார். “மேக்க லிவ்வே கவுத?” யார் எழுதியது என்று கேட்டார்.

“மம” என்றாள். நான்தான். “முன்னேயும் நான்தான் எழுதினேன். நீங்க கேட்டீங்க, எழுதிக் குடுத்தேன். ஒரு கட்டம் மிச்சம் இருக்கு. போன திகதி. அது எங்களுக்குத் தெரியாது மாத்தயா, கூட்டிட்டுப் போனவங்களுக்குத்தான் தெரியும். நீங்க நிரப்புங்க.”

தன்னுடைய பேனாவை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். சார்ஜன்ட் அதை வாங்கவில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. “எழுதுங்களேன்! இருபத்திரண்டு வீட்டுல யாரு தூங்குறான்னு தெரியணும்ல? ஒரு புள்ள எங்க தூங்குதுன்னு மொதல்ல சொல்லுங்க!” இதைத் தமிழில் கத்தினாள். கத்தக்கூடாது என்ற கட்டளையை அந்தக் கூட்டத்தில் மீறிய ஒரே ஆள் அவள்தான்.

உத்தியோகத்தர் கடமைக்கு இடையூறு விளைவித்ததாக எழுதி, அவளையும் இன்னும் ஆறு பேரையும் உள்ளே இருத்தினார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு, ஸ்டேஷன் டிவியிலேயே, சட்டமூலம் நிறைவேறியதைக் காட்டினார்கள். கைகள் உயர்ந்தன, மேசைகள் தட்டப்பட்டன. அந்தக் கைகளைப் பார்த்து இராமலெட்சுமி சொன்னதை இங்கே எழுத முடியாது. வெள்ளிக்கிழமை புதுக்கடையில் மஸாஹிரா பேசி, ஏழு பேரையும் சரீரப் பிணையில் எடுத்தாள்.

சனிக்கிழமை வந்து பார்த்தால் அறைக்குப் புதுப் பூட்டு. அவளுடைய தகரப் பெட்டியும் பாயும் மோட்டருக்குப் பக்கத்தில் கிடந்தன. சண்முகலிங்கம் வீட்டில் ரஜனியின் குரல் உரத்துக் கேட்டது. அந்தக் குரலை அவ்வளவு உரக்க அந்தக் கட்டடம் அதற்கு முன் கேட்டதில்லை. இராமலெட்சுமி பெட்டியைத் தூக்கினாள். கொட்டாஞ்சேனைக்கு எந்த பஸ் என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, லிஃப்ட் திறந்து இரத்தினம்மா ரீச்சர் வெளியே வந்தார்.

“எங்கை போறாய்? மேலை வா. அவன்ரை அறை சும்மாதான் கிடக்கு.”

அன்றிரவு அவள் திலக்ஷனின் கட்டிலில் படுக்கவில்லை. பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டாள். அவள் இல்லாத நாட்களில் ரஜனி போட்டுவந்த மோட்டரை மறுநாள் விடிய நாலரைக்கு ஒருவரும் போடவில்லை. ஏழு மணிக்கு மனேஜர் சவர்க்கார நுரையோடு பல்கனியில் நின்று, “தண்ணி! தண்ணி!” என்று கத்தினார். நாலாம் மாடியில் இராமலெட்சுமி முதல் நாளே பிடித்துவைத்த வாளித் தண்ணீரில் ரீச்சருக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சார்ஜன்ட் வந்தார். புதுச் சட்டம், புதுப் படிவம். நாலு பி வீட்டில் புதிதாக ஓர் ஆள் தங்குவதாகத் தகவல், இருபத்துநாலு மணித்தியாலம் தாண்டிவிட்டது, யார், எப்போது வந்தது என்று கதவில் நின்று கேட்டார். கதவைத் திறந்ததே அந்த ஆள்தான்.

“என்னவாம்?” என்று ரீச்சர் கதிரையில் இருந்தபடி கேட்டார்.

“எம் பேர எழுதணுமாம் டீச்சர். வந்து தங்குற ஆளாம்.”

ரீச்சர் அவசரப்படவில்லை. கணக்குப் பாடத்தில் பிழைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சார்ஜன்டைப் பார்த்தார். “போன முறை தந்த போர்மிலை ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடக்கெண்டு சொல்லு. அதை நிரப்பிக்கொண்டு வரட்டும். அதுக்குப் பிறகு உன்ரை பேரைப் பற்றிக் கதைப்பம்.”

இராமலெட்சுமி அதைச் சிங்களத்தில் சொன்னாள். மற்ற வீடுகளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை.